குளிர்காலத்தில் பிள்ளைகளும் சைக்கிளும்: உங்கள் கேள்விகள், என் பதில்கள்

பனிக்காலத்திலும் பிள்ளைகளைச் சைக்கிளில்தான் பள்ளிக்கூடம் கூட்டிப் போகிறேன் என்று போன இதழில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்கு இத்தனை கடிதங்கள் வரும் என்று நினைக்கவே இல்லை. திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை மட்டும் இங்கே எடுத்துக்கொண்டேன். பனி விழுந்து பாதை உறைந்துபோகும் ஊர்களில் இருப்பவர்களை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன். நான் சைக்கிள் வீராங்கனை இல்லை, இரண்டு பிள்ளைகளோடு ஏழு குளிர்காலம் ஓட்டியிருக்கிறேன், அவ்வளவுதான்.

கேள்வி: என் பிள்ளைகளுக்கு 7 வயதும் 10 வயதும் ஆகிறது. பள்ளிக்கூடம் 2 கிலோமீட்டர் தூரம். முதல் பனி விழுந்ததும் சைக்கிள்களைக் கொட்டகையில் வைத்துப் பூட்டிவிடுவோம். இந்த வருஷம் நிறுத்தாமல் ஓட்டலாம் என்று ஆசை. ஆனால் மாமியார், "குளிர்காற்று பட்டால் பிள்ளைகளுக்குச் சளி நெஞ்சில் கட்டிக்கொள்ளும்" என்கிறார். என்ன செய்யட்டும்?

பதில்: பேரப்பிள்ளைகள் மேல் இருக்கிற அக்கறையில்தான் அவர் சொல்கிறார், அதனால் அவரை உட்கார வைத்துப் பேசுங்கள். சளியும் காய்ச்சலும் வைரஸால் வருகிறவை. குளிர்காலத்தில் ஜன்னலையெல்லாம் அடைத்துக்கொண்டு எல்லாரும் ஒரே அறையில் நெருங்கி உட்கார்ந்திருப்பது அவை பரவ ஒரு முக்கியமான காரணம். பத்து நிமிஷம் வெளிக்காற்றில் சைக்கிள் மிதிப்பதால் மட்டும் ஒரு பிள்ளைக்குச் சளி வந்துவிடாது. ஆஸ்துமா இருக்கிற பிள்ளை என்றால் கதை வேறு. குளிர்ந்த வறண்ட காற்றை வேகமாக இழுத்தால் மூச்சுக்குழாய் சுருங்கி இருமலும் இழுப்பும் வரலாம், அந்தப் பிள்ளைக்கு மருத்துவரைக் கேட்காமல் தொடங்கவே வேண்டாம்.

முடியுமா என்ற கேள்விக்கு நான் எப்போதும் சொல்கிற ஊர் ஔலு. பின்லாந்தின் வடக்கே, டிசம்பரின் மிகக் குறுகிய நாட்களில் மூன்றரை மணி நேரம்தான் பகல் வெளிச்சம் இருக்கிற ஊர் அது. அங்கே 900 கிலோமீட்டருக்கு மேல் சைக்கிள் பாதை இருக்கிறது. குளிர்காலச் சைக்கிள் பயணத்துக்கென்றே நடக்கிற பன்னாட்டு மாநாடு முதன்முதலாக 2013-ல் அங்கேதான் நடந்தது. அந்த ஊர்ப் பள்ளிக்கூடம் ஒன்றின் வாசலில், மைனஸ் 17 டிகிரிக் குளிரில், பனி மூடிய சைக்கிள்கள் வரிசை வரிசையாக நிற்கிற படம் 2018-ல் உலகம் முழுக்கச் சுற்றியது. சுமார் 1,200 பிள்ளைகள் படிக்கிற அந்தப் பள்ளியில் ஏறக்குறைய 1,000 பேர் குளிர்காலத்திலும் சைக்கிளில்தான் வருகிறார்களாம். அந்தப் பிள்ளைகளின் உடம்பு இரும்பால் செய்ததில்லை, நம் பிள்ளைகள் உடம்பு போலத்தான். அங்கே பாதையில் விழுகிற பனியைக் காலையில் பிள்ளைகள் கிளம்புவதற்கு முன்பே வழித்துவிடுகிறார்கள், பெரிய வித்தியாசம் அதுதான். ஆகவே உங்கள் முடிவு பிள்ளைகளின் தைரியத்தைப் பொறுத்தது இல்லை, உங்கள் வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் வரை இருக்கிற அந்த 2 கிலோமீட்டரைப் பொறுத்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை நீங்கள் மட்டும் அந்தப் பாதையில் ஓட்டிப் பாருங்கள். பனியை எங்கே வழிக்கிறார்கள், எங்கே குவித்து வைக்கிறார்கள், எந்தத் திருப்பத்தில் வெயிலே படுவதில்லை, இதெல்லாம் ஒரு தடவை ஓட்டினாலே தெரிந்துவிடும்.

குளிரைப் பற்றி ஒன்று. சைக்கிள் ஓட்டும்போது நாமே காற்றை உண்டாக்குகிறோம். வெளியே மைனஸ் 10 டிகிரி, பிள்ளை மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் போகிறாள் என்றால், இலைகூட அசையாத நாளிலும் அவள் முகத்துக்கு அது மைனஸ் 17 போல இருக்கும். காற்றையும் சேர்த்து உணர்கிற குளிர் மைனஸ் 28-ஐத் தாண்டினால் மூடாத தோல் 10 முதல் 30 நிமிஷத்துக்குள் உறையத் தொடங்கலாம். நாங்கள் அந்த எல்லைக்குப் பக்கத்தில்கூடப் போவதில்லை, வெப்பமானி மைனஸ் 15 காட்டினால் சைக்கிள் வேண்டாம் என்பது எங்கள் வீட்டுக் கணக்கு. கன்னத்திலோ மூக்கு நுனியிலோ வெள்ளையாக, மெழுகு போல ஒரு திட்டு தெரிந்தால் உடனே நிறுத்தி வெறும் உள்ளங்கையால் பொத்திப் பிடித்துச் சூடாக்குங்கள், தேய்க்க வேண்டாம். பனியை வைத்துத் தேய்க்கச் சொல்கிற பழைய யோசனை தோலைப் புண்ணாக்கிவிடும். வாஸ்லினை அப்பிவிட்டால் முகம் உறையாது என்று பலர் நம்புகிறார்கள், அதையும் நம்பாதீர்கள். துணியால் மூடுவதுதான் பாதுகாப்பு.

கேள்வி: எங்கள் பிரச்சினை சாலையில் இல்லை, வாசலில். உடை மாட்டவே 20 நிமிஷம் ஆகிறது. ஒருத்தனுக்குக் கையுறை கிடைக்காது, இன்னொருத்தி எல்லாம் மாட்டி முடித்த பிறகு பாத்ரூம் என்பாள். சைக்கிளில் ஏறும்போது மூன்று பேருமே கோபத்தில் இருக்கிறோம். இதற்கு வழி இருக்கிறதா?

பதில்: இந்தக் கேள்வியைப் படித்ததும் கடிதத்தைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன், ஏனென்றால் என் முதல் இரண்டு குளிர்காலமும் அச்சு அசலாக இப்படித்தான் போனது. குளிர்காலச் சைக்கிளைப் பாதியில் விட்டவர்களில் எனக்குத் தெரிந்த பெரும்பாலானோர் பனிக்குப் பயந்து விடவில்லை. காலை ஏழே முக்காலுக்கு வாசலில் நடக்கிற சண்டைதான் அவர்களைக் களைப்பாக்கியது.

ஒரு காலை இன்னும் நினைவில் இருக்கிறது. மகனுக்கு அப்போது 6 வயது. முந்தின நாள் பனியில் விளையாடிவிட்டு வந்து கையுறையைப் பைக்குள்ளேயே விட்டிருந்தான். காலையில் எடுத்துப் பார்த்தால் உள்ளே சொதசொதவென்று ஈரம். ஈரக் கையுறைக்குள் பிள்ளையின் கை போகவே போகாது, உள்துணி விரலோடு ஒட்டிக்கொண்டு சுருண்டுவிடும், கட்டைவிரல் மட்டும் தனக்கான இடத்தைக் கண்டுபிடிக்க முடியாமல் உள்ளே மடிந்து நிற்கும். நான் இழுக்கிறேன், அவன் அழுகிறான், அவன் அக்கா முழுசாக உடுத்திக்கொண்டு கதவோரம் நின்று வேர்க்கிறாள். அன்றைக்கு எப்படியோ போய்ச் சேர்ந்தோம். சாயங்காலம் வீடு திரும்பியதும் நான் முதலில் செய்தது ஹீட்டருக்கு மேலே ஒரு கயிறு கட்டி நான்கு கிளிப் மாட்டியதுதான்.

அதிலிருந்து எங்கள் வீட்டில் காலை என்பது முந்தின நாள் மாலையிலேயே தொடங்கிவிடுகிறது. வந்த உடனே கையுறை கிளிப்புக்குப் போக வேண்டும், ஷூவுக்குள் இருக்கிற அட்டையை உருவி வெளியே வைக்க வேண்டும். இதைச் செய்யாமல் யாருக்கும் சாப்பாட்டு மேஜை கிடையாது, எனக்கும்தான். ஒவ்வொருவருக்கும் ஒரு பெட்டி. அதில் அடியில் கையுறை, அதன்மேல் கழுத்துக்குழல் (கழுத்தை மூடுகிற குழாய் மாதிரித் துணி), மேலே மெல்லிய குல்லா, அதாவது மாட்டுகிற வரிசைக்குத் தலைகீழாக அடுக்கியிருக்கும், மேலிருந்து எடுத்து மாட்டிக்கொண்டே போகலாம். ஆளுக்கு இரண்டு ஜோடிக் கையுறை வாங்கிவிடுங்கள், இரண்டாவது ஜோடி பள்ளிப் பையிலேயே இருக்கட்டும், திரும்பி வரும்போது அதுதான் காப்பாற்றும். பாத்ரூம் போவதற்கு முன் தடித்த கால்சட்டையை யாரும் தொடக் கூடாது. கையுறை கடைசி, ஹெல்மெட் வார் மாட்டிய பிறகுதான், ஏனென்றால் கையுறையோடு வார் மாட்ட எந்தப் பிள்ளையாலும் முடியாது.

எத்தனை அடுக்கு என்று நிறையப் பேர் கேட்டிருக்கிறார்கள். நாம் பயத்தில் கூடுதலாக மாட்டிவிடுகிறோம், அதுதான் தப்பு. மிதிக்கிற பிள்ளைக்கு ஐந்து நிமிஷத்தில் உடம்பு சூடாகிவிடும், வேர்த்தால் அந்த ஈரம் பிறகு குளிர்ந்து நடுக்கம் எடுக்கும். வாசலில் நிற்கும்போது "கொஞ்சம் குளிருது அம்மா" என்று சொன்னால் அளவு சரி என்று வைத்துக்கொள்ளுங்கள். உடம்போடு ஒட்டுகிற முதல் உடை பருத்தியாக இருக்க வேண்டாம், பருத்தி வியர்வையைக் குடித்துப் பிடித்து வைத்துக்கொள்ளும், மெல்லிய கம்பளியோ விளையாட்டுத் துணியோ நல்லது. நடுவில் ஒரு ஸ்வெட்டர், மேலே காற்றுப் புகாத ஜாக்கெட், போதும். மிச்ச அக்கறையையெல்லாம் கைக்கும் காலுக்கும் காதுக்கும் காட்டுங்கள். இரண்டு சாக்ஸைத் திணித்து இறுக்கமான ஷூ போட்டால் கால் அதிகமாகத்தான் குளிரும், விரலை அசைக்க இடம் இருக்கிற ஷூவும் ஒரே ஒரு கம்பளி சாக்ஸும் மேல். கைக்கு, ஐந்து விரலும் தனித்தனியாக இருக்கிற கையுறையைவிட விரல்கள் சேர்ந்து கிடக்கிற கையுறை சூடு. அதோடு பிரேக் பிடிக்க வருகிறதா என்று வீட்டு வாசலிலேயே பிடிக்கச் சொல்லிப் பாருங்கள். வராவிட்டால், ஹேண்டில்பாரிலேயே மாட்டி வைக்கிற பெரிய உறைகள் விற்கிறார்கள், உள்ளே மெல்லிய கையுறையோடு கையை விட்டுக்கொள்ளலாம், எங்கள் வீட்டில் காசு கொடுத்து வாங்கியதில் இதுதான் உருப்படியான பொருள்.

கேள்வி: போன ஜனவரியில் வழுக்கி விழுந்து மணிக்கட்டில் அடி. நல்லவேளை, பிள்ளை பின்னால் இல்லை. ஆணி டயர் போட்டால் விழ மாட்டோமா? முன்சக்கரத்துக்கு மட்டும் போட்டால் போதுமா?

பதில்: நானும் ஒரு தடவை விழுந்திருக்கிறேன், ஒரு சின்னப் பாலத்தின் மேல். வரும் வழி முழுக்க ஈரம்தான், ஐஸ் இல்லை, அதனால் பாலத்திலும் ஈரம்தான் என்று நினைத்துவிட்டேன். பாலத்துக்கு அடியிலும் காற்று போவதால் அது தரையைவிடச் சீக்கிரம் உறையும் என்பது விழுந்து எழுந்த பிறகுதான் உறைத்தது. அதிலிருந்து பாலம் வந்தால் நான் குரல் கொடுப்பேன், பிள்ளைகள் மிதிப்பதை நிறுத்திவிட்டு நேராக உருட்டுவார்கள்.

கடுங்குளிரைவிட 0 டிகிரியை ஒட்டிய நாட்களைக் கண்டுதான் எனக்குப் பயம். மைனஸ் 12-ல் அமுங்கிக் கிடக்கிற பனி டயருக்கு ஓரளவு பிடி கொடுக்கும். பகலில் கொஞ்சம் உருகி மாலையில் மறுபடி உறைகிற நாளில்தான் தார்ச்சாலைமேல் கண்ணுக்கே தெரியாத ஐஸ் படலம் நிற்கும், ஐஸ்மேல் மெல்லிய தண்ணீர் இருந்தால் ரப்பருக்குப் பிடிப்பே கிடையாது. பள்ளிக்கூடம் விடுகிற நேரம் பல நாட்களில் சரியாக அந்த உறைகிற நேரம்.

ஆணி டயர் அந்த ஐஸுக்காகவே வந்தது. டயரின் மேற்பரப்பில் கடினமான கார்பைடு முனை வைத்த குட்டிக் குட்டி ஆணிகள் நூற்றுக்கு மேல் பதிந்திருக்கும், ஐஸைக் குத்திப் பிடிக்கும். ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் முன்சக்கரத்துக்குப் போடுங்கள், பின்சக்கரம் வழுக்கினால் காலை ஊன்றி எப்படியாவது சமாளிக்கலாம், முன்சக்கரம் வழுக்கினால் யோசிக்கக்கூட நேரம் இருக்காது. ஆனால் பிள்ளையைப் பின்னால் ஏற்றுகிற சைக்கிள் என்றால் இரண்டுக்கும் போடாமல் எடுக்காதீர்கள், இதில் எனக்கு இரண்டாவது யோசனையே கிடையாது. பிள்ளைகளின் 20 அங்குல, 24 அங்குலச் சக்கரங்களுக்கும் ஆணி டயர் வருகிறது. புது டயரை முதல் 50 கிலோமீட்டர் வரை சாதாரணத் தார்ச்சாலையில் திடீர் பிரேக் போடாமல் ஓட்டினால் ஆணிகள் ரப்பருக்குள் ஒழுங்காக உட்கார்ந்துகொள்ளும். கொஞ்சம் கனமாக இருக்கும், தார்ச்சாலையில் கரகரவென்று சத்தம் போடும், பிள்ளைகளுக்கு அந்தச் சத்தம் ரொம்பப் பிடிக்கும்.

ஆனாலும் "விழவே மாட்டோம்" என்று நான் சொல்ல மாட்டேன். கார்ச்சக்கரம் பதித்து உறைந்துபோன பள்ளத்தில் முன்சக்கரம் மாட்டினால் எந்த டயரும் உதவாது. சீட்டை இரண்டு மூன்று சென்டிமீட்டர் இறக்கி வையுங்கள், இரண்டு காலும் தரையில் முழுசாகப் படட்டும். ஐஸ்மேல் திரும்பாதீர்கள், முன்பிரேக்கைத் தொடாதீர்கள், நேராகக் கடந்த பிறகு திரும்புங்கள். பிள்ளைகளுக்கு இதை வாயால் சொல்லிப் புரியவைக்க முடியாது. ஆள் இல்லாத மைதானத்தில், முழங்கால் வரை மூடிய தடித்த உடையில், வேண்டுமென்றே பின்பிரேக் போட்டு வழுக்கிப் பார்க்க விடுங்கள், அரை மணி நேரம் சிரித்துக்கொண்டே கற்றுக்கொள்வார்கள். பாதை சந்தேகமாக இருந்தால் இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள். நாங்கள் மாதத்துக்கு இரண்டு மூன்று நாளாவது தள்ளிக்கொண்டுதான் போகிறோம்.

கேள்வி: பெரியவள் தனியாக ஓட்டுவாள். 3 வயதுச் சின்னவன் என் பின்சீட்டில். எனக்கு வேர்க்கிறது, அவன் எப்படி இருக்கிறான் என்றே தெரிவதில்லை.

பதில்: சரியான இடத்தைப் பிடித்துவிட்டீர்கள். மிதிக்கிறவருக்கு உடம்பே அடுப்பு, உட்கார்ந்து வருகிறவனுக்கு அது இல்லை. போதாததற்குச் சின்னப் பிள்ளைகளின் உடம்பு எடைக்குத் தோல் பரப்பு அதிகம், நம்மைவிட வேகமாகச் சூட்டை இழப்பார்கள். உங்கள் உடம்பை வைத்து அவன் உடையைத் தீர்மானிக்காதீர்கள், அவனுக்கு இரண்டு அடுக்கு கூடுதலாக வேண்டும். காலும் கையும் அசையாமல் தொங்குவதால் அங்கேதான் முதலில் குளிரும், இடுப்புக்குக் கீழே முழுசாக மூடுகிற உறை ஒன்று சீட்டோடு பொருந்துகிற மாதிரி கிடைக்கிறது, அது நல்லது. ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை நிறுத்தி, கையுறையைக் கழற்றிப் பின்கழுத்துக்குள் விரலை விட்டுப் பாருங்கள். கழுத்து சூடாக இருந்தால் பரவாயில்லை. பிள்ளை பேசாமல் அமைதியாகிவிட்டான், தூங்கி வழிகிறான் என்றால் "சமர்த்தாக வருகிறான்" என்று நினைத்துவிடாமல் உடனே இறக்கி உள்ளே கொண்டுபோய்ச் சூடாக்குங்கள்.

மப்ளர் வேண்டவே வேண்டாம். ஒரு முனை அவிழ்ந்து சக்கரக் கம்பிக்குள் போனால் என்ன ஆகும் என்று நான் எழுத வேண்டியதில்லை. தலைவழியாக மாட்டுகிற கழுத்துக்குழல் போதும். உப்பலான ஜாக்கெட்டுக்கு மேல் சீட்டின் வாரை மாட்டினால் இறுக்கமாகத் தெரியும், ஆனால் உள்ளே காற்றுதான் இருக்கும், அமுக்கிவிட்டு மறுபடி இழுத்து மாட்டுங்கள். ஹெல்மெட்டுக்கு அடியில் காதை மூடுகிற மெல்லிய குல்லா, குஞ்சம் வைத்ததோ தடித்ததோ போட்டால் ஹெல்மெட் தலையில் உட்காராது.

கேள்வி: காலையில் மிதித்தால் பெடல் சும்மா சுற்றுகிறது, சக்கரம் நகரவில்லை! பூட்டும் திறக்கவில்லை. சைக்கிளை வீட்டுக்குள் வைக்க வேண்டுமா?

பதில்: பின்சக்கர நடுவில், மிதிக்கும்போது சக்கரத்தைக் கவ்வுகிற குட்டிப் பற்கள் இருக்கின்றன. உள்ளே இருக்கிற கிரீஸ் குளிரில் இறுகினாலோ ஈரம் புகுந்து உறைந்தாலோ அவை எழும்பாமல் படுத்துக்கொள்ளும். கொஞ்ச நேரம் சூடான இடத்தில் வைத்தால் சரியாகிவிடும், திரும்பத் திரும்ப வந்தால் கடையில் கொடுத்துப் பழைய கிரீஸை எடுத்துவிட்டு மெல்லிய எண்ணெய் போடச் சொல்லுங்கள்.

தினமும் வீட்டுக்குள் கொண்டுவருவதில் ஒரு சங்கடம் உண்டு. ஒட்டியிருக்கிற பனி உருகி பிரேக் கேபிளுக்குள் இறங்கும், மறுநாள் வெளியே போனதும் அங்கேயே உறையும். மழையும் பனியும் படாத, குளிர்ந்த கொட்டகைதான் சைக்கிளுக்கு நல்ல இடம். உள்ளேதான் வைக்க முடியும் என்றால் பனியைத் தட்டிவிட்டுக் கொண்டுவாருங்கள், முழுசாகக் காய்ந்த பிறகு வெளியே எடுங்கள். பூட்டில் வெந்நீர் ஊற்றாதீர்கள், திறக்கும், பிறகு அந்தத் தண்ணீரே உறைந்து மறுபடி மாட்டிக்கொள்ளும். சாவித் துளைக்குள் போடுகிற ஐஸ் உருக்கும் திரவம் சின்னக் குப்பியில் கிடைக்கும், அதைக் கோட்டுப் பையில் வையுங்கள், சைக்கிள் பையில் வைத்தால் பூட்டோடு சேர்ந்து அதுவும் குளிரில் கிடக்கும்.

சாலையில் போடுகிற உப்பு செயினைத் தின்றுவிடும். வாரத்துக்கு ஒரு தடவை பழைய துணியால் துடைத்து எண்ணெய் போடுங்கள், ஞாயிறு சாயங்காலம் இதைச் செய்கிற வேலை எங்கள் வீட்டில் பெரியவளுடையது, கறுப்பான விரல்களைப் பெருமையாகக் காட்டிக்கொண்டு திரிவாள். சக்கர விளிம்பைப் பிடிக்கிற பிரேக் என்றால் கிளம்பியதும் இரண்டு மூன்று தடவை லேசாகப் பிடித்து விளிம்பில் இருக்கிற ஐஸைத் துடைத்துவிட வேண்டும், முதல் பிடியில் நிற்கும் என்று நம்பக் கூடாது.

கேள்வி: பேட்டரி சைக்கிள் வைத்திருக்கிறோம். குளிரில் பாதித் தூரத்திலேயே சார்ஜ் இறங்குகிறது.

பதில்: பேட்டரி கெட்டுவிட்டது என்று பயப்பட வேண்டாம், லித்தியம் பேட்டரி குளிரில் குறைவாகத்தான் கொடுக்கும், வெயில் காலத்தில் பழையபடி ஆகிவிடும். இரவில் கழற்றி வீட்டுக்குள் வைத்து, கிளம்பும்போது மாட்டுங்கள். முக்கியமாக, வெளியிலிருந்து சில்லென்று கொண்டுவந்த பேட்டரியை உடனே சார்ஜில் போடாதீர்கள். 0 டிகிரிக்குக் கீழே சார்ஜ் ஏற்றினால் உள்ளே நிரந்தரமாகப் பாழாகும், அறைச் சூட்டுக்கு வர ஒன்றிரண்டு மணி நேரம் கொடுங்கள்.

கேள்வி: மகனுக்கு 11 வயது. கோடையில் தனியாகத்தான் சைக்கிளில் போனான். இப்போது காலையும் இருட்டு, மாலையும் இருட்டு. தனியாக அனுப்ப மனசு வரவில்லை, கூடப் போனால் அவனுக்கு அவமானமாக இருக்கிறது.

பதில்: உங்கள் பயம் நியாயமானது. அவனுடைய கூச்சத்தையும் நான் மதிக்கிறேன். கோடையில் கொடுத்த சுதந்திரத்தைக் குளிர்காலம் வந்ததும் பிடுங்கினால் அது தண்டனை போலத்தான் அவனுக்கு இருக்கும்.

முதலில் அவன் கண்ணில் படுகிற மாதிரி இருக்கிறானா என்று பாருங்கள். முன்விளக்கு, பின்விளக்கு இரண்டும் சைக்கிளோடு பொருந்தியதாக, சக்கரம் சுற்றினால் எரிகிற டைனமோவாக இருந்தால் ரொம்ப நல்லது, சார்ஜ் போட மறந்தேன் என்ற பேச்சுக்கே இடமில்லை. ஒளியைத் திருப்பி அடிக்கிற பட்டையை முதுகில் ஒட்டுவதோடு நிறுத்தாமல் இரண்டு கணுக்காலிலும் கட்டச் சொல்லுங்கள். மேலும் கீழும் போகிற அந்த இரண்டு வெளிச்சத்தைப் பார்த்ததும் ஓட்டுநருக்கு "இது ஒரு ஆள், சைக்கிள் மிதிக்கிறான்" என்று சட்டென்று புரியும். பனி தெறித்து விளக்குகள் மூடிப்போகும், பள்ளி வாசலில் கையுறையால் ஒரு துடைப்பு துடைக்கிற பழக்கம் வேண்டும்.

இருட்டைப் பற்றி எல்லாரும் பேசுகிறோம், தாழ்ந்த வெயிலைப் பற்றி யாரும் பேசுவதில்லை. குளிர்காலக் காலையில் சூரியன் அடிவானத்தை ஒட்டி, கார்க் கண்ணாடிக்கு நேராக நிற்கும், பனியின் பிரதிபலிப்பு வேறு. உன் நிழல் உனக்கு முன்னால் நீளமாக விழுந்தால், எதிரே வருகிற ஓட்டுநருக்கு உன்னைத் தெரியவில்லை என்று வைத்துக்கொள், அவர் நிற்கிற வரைக்கும் நீ கடக்காதே. என் மகளுக்கு இந்த நிழல் கணக்கைத்தான் சொல்லிக் கொடுத்தேன், அவள் அதை இன்றுவரை மறக்கவில்லை.

அப்புறம், கூடப் போவதற்கும் தனியாக அனுப்புவதற்கும் நடுவில் நிறைய இடம் இருக்கிறது. முதல் வாரம் ஐம்பது மீட்டர் பின்னால் வாருங்கள், அவன் நண்பர்கள் கண்ணில் படுவதற்கு முன்பே திரும்பிவிடுங்கள். பிறகு அந்த ஒரு மோசமான சாலைச் சந்திப்பு வரை மட்டும். வழியில் இன்னொரு பிள்ளை இருந்தால் இரண்டு பேரும் சேர்ந்து போகட்டும். "போகலாமா வேண்டாமா" என்பதைக் காலையில் அவனே வெளியே போய், ஷூவால் தரையைத் தேய்த்துப் பார்த்துவிட்டு வந்து சொல்லட்டும். நீங்கள் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். அவன் வேண்டாம் என்று சொல்கிற நாளிலும் ஏன் என்று குடையாமல் அதை ஏற்றுக்கொள்ளுங்கள், ஏனென்றால் ஒரு நாள் நீங்கள் பக்கத்தில் இல்லாதபோது அவன் அதைத் தனக்குத்தானே சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கும்.

கேள்வி: என் 9 வயது மகள், "எல்லாரும் காரில் வருகிறார்கள், நான் மட்டும் ஏன் மூக்கு ஒழுகிக்கொண்டு சைக்கிளில் வர வேண்டும்" என்று அழுகிறாள். எங்களிடம் கார் இல்லை. மனசு வலிக்கிறது.

பதில்: மூக்கிலிருந்து ஆரம்பிக்கிறேன். குளிர்ந்த வறண்ட காற்று உள்ளே போகும்போது அதை ஈரமாக்க மூக்கு கூடுதலாகத் தண்ணீர் சுரக்கும், அது சளியும் இல்லை, நோயும் இல்லை, காரிலிருந்து இறங்கி நடக்கிற பிள்ளைக்கும் ஒழுகும். ஜாக்கெட்டின் வலது பையில் எப்போதும் ஒரு கைக்குட்டை. பள்ளி வாசலுக்கு நூறு மீட்டர் முன்பே ஒரு மரத்தடியில் நிறுத்தி, அவள் மூக்கைத் துடைத்து, குல்லாவைக் கழற்றி, முடியைச் சரிசெய்துகொள்ள இரண்டு நிமிஷம் கொடுங்கள். சின்ன விஷயம் என்று நினைக்காதீர்கள். 9 வயதில், ஹெல்மெட்டில் அமுங்கிய முடியோடு வகுப்புக்குள் நுழைவது பெரிய விஷயம்.

குளிருகிறது என்று அழுகிறாளா, தனியாக இருக்கிறது என்று அழுகிறாளா என்பதை மாலையில், வீட்டில், சூடாக இருக்கும்போது கேளுங்கள், காலையில் கேட்காதீர்கள். குளிர் என்றால் கையுறையிலும் ஷூவிலும் தீர்வு இருக்கிறது. தனிமை என்றால் அதே தெருவிலிருந்து வருகிற ஒரு பிள்ளையின் அம்மாவிடம் பேசிப் பாருங்கள், ஒரு நாள் நீங்கள், ஒரு நாள் அவர் என்று இரண்டு பிள்ளைகளையும் கூட்டிப் போகலாம். எங்கள் தெருவில் இப்படித்தான் இரண்டு பேர் நான்கானார்கள், இப்போது காலையில் என் மகனை எழுப்புவது நான் இல்லை, வாசலில் அடிக்கிற சைக்கிள் பெல்.

கார் இல்லை என்பதை அவளிடம் மறைக்காமல் நேராகச் சொல்லுங்கள், 9 வயதுப் பிள்ளைக்கு வீட்டுக் கணக்கு புரியும், நாம் புரியாது என்று நினைத்து வேறு காரணம் கண்டுபிடித்தால்தான் அவர்களுக்குக் கோபம் வருகிறது. வாரத்தில் ஒரு நாள் சைக்கிள் வேண்டாம், நடந்தோ பஸ்ஸிலோ போகலாம், எந்த நாள் என்று அவளே தேர்ந்தெடுக்கட்டும். வருகிற திங்கள்கிழமையே ஆரம்பியுங்கள். நடந்து போகும்போது அவள் கையைப் பிடித்துக்கொண்டு பேசிக்கொண்டே போங்கள், அது சைக்கிளில் முடியாது. செவ்வாய்க்கிழமை எப்படிப் போகலாம் என்று அன்றிரவு அவளையே கேட்டுப் பாருங்கள், என்ன சொன்னாள் என்று எனக்கு எழுதுங்கள்.